யாரும் வாங்கிக்கொள்ளாத குழாய்

அந்த நீதிமன்றச் சேவகருக்குக் 'கூப்பாடு' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. வழக்காடிகளின் பெயரை அவர் வாசலில் நின்று கூப்பிட்டால், சம்பந்தமே இல்லாதவன்கூட எதிர்க்கடையில் எழுந்து நிற்பான். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு துண்டுக் குழாய் பாடாய்ப் படுத்தியது.

எரிவாயு நிறுவனம் ஒன்று தன் பழைய குழாய்ப் பாதையைக் கைவிட நினைத்தது. ஒழுங்குமுறை ஆணையம் சம்மதித்தது. ஆனால் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. மண்ணுக்குள் சும்மா கிடப்பதை ஏன் எடுப்பது, நிபந்தனை செல்லாது என்று நிறுவனம் வழக்குப் போட்டது. துருப்பிடிக்கவில்லை என்று காட்ட, ஆள் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி வந்து கூப்பாட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தது. நீதிபதி பார்த்துவிட்டு, உரியவர் எடுத்துப் போகலாம் என்றார்.

உரியவர் வரவில்லை. குழாய் கூப்பாட்டின் அறைக் கதவைப் பாதிக்கு மேல் திறக்க விடவில்லை. தொந்தியை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைவதே அவருக்குத் தினப்படி வேலையாயிற்று.

இந்த மாதத்தோடு ஓய்வு. வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆனால் குழாயை ஒப்படைக்காமல் அவரை விடுவிக்க மாட்டார்கள். அடுத்து வரும் சேவகரோ அதை ஏற்க மாட்டேன் என்று கைவிரித்துவிட்டார்.

"சார், உங்க குழாயை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்" என்று நிறுவன வக்கீலிடம் கெஞ்சினார்.

"நாங்கதான் கைவிட்டுட்டோமேப்பா! இதை எடுத்தா, மிச்சத்தையும் எடுன்னு பிடிச்சுக்குவாங்க."

ஆணையத்து வக்கீலைக் கேட்டால், "எங்களோடது இல்லையே" என்று நழுவினார்.

கூப்பாட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. இறுதி வாதத்தன்று இரண்டு காவலாளிகளைக் கூட்டிக்கொண்டு குழாயை உருட்டி வந்து, நிறுவன வக்கீல் நிற்கும் இடத்திலேயே போட்டார்.

"எங்க குழாய் கிடக்கிறதால யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லைங்க" என்று வக்கீல் ஒற்றைக்காலில் நின்றபடி முழங்கினார்.

"ஏன் அப்படிக் கோணலா நிக்கிறீங்க?" என்றார் நீதிபதி.

"கால் வைக்க இடமில்லைங்க. முதல்ல இதை எடுக்கச் சொல்லுங்க."

"யாரை?"

கோர்ட்டே சிரித்தது.

நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் குழாயைப் பெற்றுக்கொண்டார். கூப்பாட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டார்.

"பொண்ணுகிட்டச் சொல்லு, அப்பாவை விட்டுட்டாங்கன்னு."

"என்னங்க இது, ஜெயில்ல இருந்து வர்ற மாதிரி பேசுறீங்க?" என்றாள் மனைவி.