அயம்போகாவின் ஆறாவது எழுத்து

நியாரிகா ஊரில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் வந்து மூன்று வருஷமாகிறது. அயம்போகாவுக்கு இன்னும் ஐந்து எழுத்துதான் தெரியும். அவள் மண்டையில் ஏறவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் எழுதிக் காட்டுவாள். ஆறாவதுக்குப் போக விட்டால்தானே!

பள்ளிக்கூடம் நடப்பதே புல் கூடைகளால்தான். ஊர்ப் பெண்கள் முடைகிற கூடைகள் கப்பலேறி வெளிநாடு போகும். கரும்பலகையும் பெஞ்சும் வாத்தியாரும் அந்த விற்பனையில் வந்தவை. கூடை யார் வேண்டுமானாலும் முடையலாம், விளிம்பு கட்டுவதுதான் கஷ்டம். ஒரு புல் தளர்ந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அயம்போகா கட்டியது மட்டும் திரும்பி வந்ததே இல்லை. அதுவே அவளுக்கு வினையாகிப் போனது. ஒவ்வொரு வருஷமும் வகுப்பு தொடங்கி, நாளுக்கு ஒரு எழுத்தாக ஐந்து நாள் ஆகியிருக்கும், ஆர்டர் வந்துவிடும். கூடை முடைகிறவர்களின் சங்கத் தலைவி லமிசி வாசலில் வந்து நிற்பாள்.

"எந்திரிச்சு வாம்மா அயம்போகா. நீ உள்ள ஒக்காந்துட்டா பள்ளிக்கூடத்தையே இழுத்து மூட வேண்டியதுதான்."

அவள் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விளிம்பு கட்டுவாள். உள்ளே மற்றவர்கள் சேர்ந்து படிப்பது காதில் விழும். கேட்டு என்ன செய்ய? எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தூரத்துக் குமாசி நகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அசகியா போனில் வாய்விட்டுப் பேச மாட்டாள். பக்கத்திலேயே புருஷன் இருப்பான். மனசில் உள்ளதை எழுதித்தான் அனுப்புவாள். அதை வாசிக்கச் சொல்லி லமிசியிடம் போக வேண்டும். போன மழைக்காலத்தில் 'அவரு அடிக்கிறாரும்மா' என்று வந்த சேதி, மறுநாளே சந்தையில் கள் விற்கிறவள் வரைக்கும் போய்விட்டது. லமிசிக்கு வாயில் எதுவும் தங்காது. வாத்தியாரிடம் நீட்டலாமென்றால் அவர் மருமகனுக்குச் சொந்தக்காரர்.

இன்று காலையும் ஒரு சேதி வந்திருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள். இந்த வருஷத்து வகுப்பில் இது ஆறாவது நாள். லமிசி வழியிலேயே மறித்துவிட்டாள். நாற்பது கூடை, சாயங்காலம் லாரி. பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

முடிந்த கூடை ஒவ்வொன்றிலும் லமிசி ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அட்டையில் அயம்போகாவின் படம்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

லமிசி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தாள். "'இந்தக் கூடையைச் செய்தவர் அயம்போகா. நீங்கள் வாங்கும் கூடைகளால் இவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். மகள் எழுதுவதை இப்போது தானே வாசிக்கிறார்.' எப்படி? நான்தான் சொல்லி எழுத வச்சேன்."

"யாரு வாசிக்கிறா?"

"நீதான்."

"நானா? எனக்கே தெரியாம எப்பக்கா படிச்சேன்?"

"அட விடுடி. வெளிநாட்டுக்காரன் வந்து பாக்கவா போறான்? கைய ஓட்டு."

அயம்போகா எழுந்து நின்றாள். எழாமல் என்ன செய்வாள்?

"மூணு வருஷமா என்ன வெளிய ஒக்கார வச்சுட்டு, படிச்சுட்டேன்னு சொல்லி விக்கிறியா? இந்தா, நீயே கட்டு." பாதி விளிம்போடு கூடையைத் தூக்கி லமிசியின் மடியில் போட்டாள்.

"ஏய்! எல்லாத்தையும் திருப்பி அனுப்பிருவாங்கடி!"

"அனுப்பட்டும். அந்த அட்டையையும் சேத்து அனுப்பட்டும்."

உள்ளே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாத்தியார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இன்னைக்குப் புதுசா நாலு பேரு சேந்திருக்காங்க. அதனால முதல் எழுத்துல இருந்து ஆரம்பிப்போம்."

"வாத்தியாரே!" பெஞ்சில் ஓங்கி அடித்தாள். "அவங்களுக்கு அப்புறம் சொல்லுங்க. ஆறாவத எழுதாம நீங்க இங்கருந்து நகரக் கூடாது."

அவர் மிரண்டுபோய் எழுதினார். அவள் அதை உற்றுப் பார்த்தாள். போனை இடுப்பிலிருந்து எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு மகளின் சேதியில் தேடினாள். அந்த எழுத்து நாலு இடத்தில் இருந்தது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை.

"அடுத்தத எழுதுங்க" என்றாள்.