அப்பா சிரிக்கிற பக்கம்

எம்.ஏ. கடைசி வருட ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் வட்டாரத்து மல்லிகை. சேவுகம்பட்டியைச் சுற்றியுள்ள விவசாயிகள், புதிது புதிதாக வரும் செடி மருந்துகளை எதை நம்பி வாங்குகிறார்கள் என்பது தலைப்பு. பூத்தோட்டத்திலேயே வளர்ந்தவள்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

திண்டுக்கல் கல்லூரியில் எனக்கு வாய்த்த வழிகாட்டி மேடம் லேசில் விடுகிற ஆள் இல்லை. இணையத்தில் எடுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் யார் எழுதியது, எப்போது எழுதியது, அதனால் யாருக்கு லாபம், வேறு யாராவது அதையே சொல்கிறார்களா என்று குடைவார். தள்ளிவிட்ட பக்கங்களையும் காரணத்தோடு பின்னிணைப்பில் போட வேண்டும். கூடப் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கோ அந்தக் கேள்விகள் பிடித்துப்போயின. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பும் வைத்தியக் குறிப்புகளைக்கூட விடவில்லை. கொஞ்ச நாளில் அவர் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்.

அப்படித் தேடும்போதுதான், ஒரு மருந்தை அடித்ததும் எங்கள் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மகசூல் இரட்டிப்பானது என்ற செய்தி கிடைத்தது. ஒரு விவசாயப் பத்திரிகையின் தளத்தில் இருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் தளத்திலும் இருந்தது. எழுதியவர் பெயர், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன; விவசாயியின் பெயர் மட்டும் இல்லை. மேடத்துக்கு ஏக சந்தோஷம். "இதத்தாம்மா நான் கேட்டேன்" என்றார்.

செய்தியோடு இருந்த விவசாயியின் படம் ஃபோனில் திறக்கவில்லை. கல்லூரிக் கணினியில் திறந்து பார்த்தேன். அப்பா.

அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் மாலை போட்டிருக்கும் படம் ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் அவர் யாரோ திட்டியதுபோல விறைப்பாக இருப்பார். இங்கே இடுப்பில் கூடை நிறையப் பூவோடு, பல் தெரியச் சிரித்தார். வாய்விட்டு அழுதுவிட்டேன். நான் எழுதிய ஆய்வேடு அழிந்துவிட்டதாக நினைத்து, அடுத்த வரிசையில் இருந்தவள் ஓடி வந்தாள்.

பிறகுதான் செய்தியை ஒழுங்காகப் படித்தேன். மகளைக் கல்லூரியில் சேர்க்கப்போவதாக அப்பா சொன்னாராம். அந்த மகள் நான்தான். ஆனால் அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தது. அப்பா செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். அந்தக் கூலியில்தான் என்னைச் சேர்த்தார்.

படத்தைக் கணினியிலிருந்து ஃபோனில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஃபோனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பத்திரிகைக்காரக படம் புடிக்க வாராகன்னு மருந்துக் கடைக்காரரு சொல்லியிருந்தாரு. அன்னைக்குப் பாத்துச் செடியில ஒரு கை பூவு இல்ல. தேடி வந்தவுக முன்னாடி வெறுங்கூடையோடயா நிக்கிறதுன்னு, பக்கத்துத் தோட்டத்துப் பூவ வாங்கி ரொப்பிக்கிட்டு நின்னாரு. எடுத்து முடிச்சதும் அம்புட்டையும் திருப்பிக் குடுத்துட்டாரு."

"அந்த மருந்து?"

"அப்பத்தான் அடிச்சிருந்துச்சு. நல்லா வரும்னு அவரும் நம்பித்தான் சொன்னாரு. அத வந்துருச்சுன்னு எழுதிப்பிட்டாக போல."

எங்கள் ஊரில் விருந்தாளி வந்துவிட்டால், பக்கத்து வீட்டில் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனம் வாங்கியாவது இலையை நிரப்புவார்கள். அப்பாவுக்கு அதுவும் இதுவும் ஒன்றாகத்தான் பட்டிருக்கும். எனக்கு அந்தப் பத்திரிகைக்காரர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செடிப் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அம்மா சொன்னதப் பேட்டியா எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. உன் ஆய்வுக்கு இதவிடப் பெரிய ஆதாரம் கிடையாது" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஏத்தா, செத்த மனுசன் ஊரான் பூவ வச்சு ஏமாத்துனாருன்னு நான் கையெழுத்துப் போடணுமா? அவரு யாரையும் ஏமாத்தல."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்தப் பக்கங்களை அப்படியே ஆதாரமாக விடவும் மனம் ஒப்பவில்லை. நோண்டிப் பார்த்தால், பத்திரிகையில் வந்ததைப் பார்த்துத்தான் தொண்டு நிறுவனமும் எழுதியிருந்தது. அடியில் இருந்தது ஒரே ஓர் ஆளின் பேச்சுதான். தள்ளுவதற்கு அந்தக் காரணமே போதும் என்றார் மேடம்.

பின்னிணைப்பில் தட்டச்சு செய்தேன்: ஒரு விவசாயியின் கூற்று மட்டுமே. சரிபார்க்கப்படவில்லை. நம்பத்தக்கதல்ல.

என் அப்பாவைப் பற்றி. அவர் சிரமப்பட்டுப் படிக்கவைத்த படிப்பைக் கொண்டு. எழுதியதில் தப்பில்லை என்று தெரிந்தும் இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன்.

பைண்டிங் செய்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. விரலில் எச்சில் தொட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு தாளாகக் கடைசிவரை புரட்டினாள்.

"அப்பா படம் இல்லையாத்தா?"

"இல்லம்மா."

"யார் யாரோ அவரு படத்தப் போட்டிருக்காக," என்றாள். "நீ போடலயா?"