ஈயம் பட்ட கை

அப்பா பச்சமுத்து வெண்ணந்தூரில் பிறந்தவர். கல்யாணமான வருஷமே நாமக்கல்லில் ஒரு லாரி பேட்டரிப் பட்டறையில் சேர்ந்தார். செத்த பேட்டரியைப் பிளந்து ஈயத் தகடுகளை எடுப்பார், உருக்குவார், மறுபடி வார்ப்பார். ஆசிட் தெறித்து அவர் லுங்கிகள் எல்லாம் சல்லடை. "காத்தோட்டமா இருக்குது" என்பார்.

காலை டீக்கு முன் பட்டறையில் ஆளுக்கொரு துண்டு வெல்லம் தின்பார்கள். வயிற்றில் சேர்ந்த ஈயத்தை அது இறக்கிவிடும் என்று நம்பிக்கை. அம்மா பொன்னாயி நல்ல அச்சுவெல்லமாகப் பார்த்து வாங்கி, அப்பாவுக்கும் கூட வேலை செய்த சென்னிமலைக்கும் தினமும் கட்டிக் கொடுத்தார். அப்பா கையை லுங்கியில் துடைத்துவிட்டுத் தின்பார்.

நான் வேதியியல் படித்தவள். பெயின்ட் ஆய்வகத்தில் வேலை. ரோமானியர்கள் ஈயப் பாத்திரத்தில் திராட்சைச் சாறு காய்ச்சிக் குடித்து உடம்பில் நஞ்சேற்றிக்கொண்டது பாடத்தில் உண்டு. ஈயம் உடம்பில் ஏறினால் ஈறில் நீலக்கோடு விழும் என்று மருத்துவர்கள் எழுதி வைத்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெட்ரோலிலிருந்துகூட ஈயத்தை எடுத்துவிட்டார்கள். பட்டறைக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

அப்பாவின் மணிக்கட்டு தொங்கிப்போனது. பிறகு சிறுநீரகம். சேலத்து டாக்டர் உதட்டை விலக்கி ஈறில் நீலக்கோட்டைப் பார்த்தார். எப்படி வாய்க்குள் போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்து வெல்லத்தில் நின்றார். வெல்லம் எதையும் இறக்காது, கையில் இருந்த ஈயத்தை உள்ளே கொண்டுபோயிருக்கிறது என்றார். அம்மா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார்.

"அம்மாளுக்குத் தெரிய வேண்டாம் சாமி. தானே குடுத்தோம்னு நெனச்சே செத்துருவா" என்றார் அப்பா என்னிடம்.

சரி என்றேன். அடுத்த மாதம் அப்பா போனார்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா வெல்லம் பொட்டலம் கட்டினார். சென்னிமலைக்காம். அவருக்கு யார் இருக்கிறார்கள், நாம்தானே கொடுக்க வேண்டும் என்றார்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. சொன்னேன். கை கழுவாததுதான் குற்றம், வெல்லம் அல்ல என்றும் சொன்னேன். அம்மா கட்டிய பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு சென்னிமலைக்குப் போன் போடச் சொன்னார்.

விஷயத்தைக் கேட்டுச் சென்னிமலை சிரித்தார். "அண்ணனுக்கு வந்தது கிட்னிங்க அம்மிணி. முப்பது வருசமா ஈயத்துல கெடந்தாரு, வெல்லந்தான் தாங்குச்சு."

அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"நாந்தான் குடுத்துக் கொன்னேன், சென்னிமலை. நீ சோப்புப் போட்டுக் கையக் கழுவு."