இரண்டாவது நிர்வாகி

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய ஒருங்குறிக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். யாரும் எடுத்துப் பாவிக்கட்டும், திருத்தட்டும் என்று ஆசை. அதற்கு, இப்படியான திறந்த மூல நிரல்களை இலவசமாக வைத்துப் பராமரிக்கும் ஒரு இணையத்தளம் தேவைப்பட்டது.

தளத்தைத் தெரிவு செய்யவே நாலு சனிக்கிழமை போயிற்று. இன்ரநெற் கடை யாழ்ப்பாணத்தில். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறிப் போய்க் கடையில் இருந்தால், ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்துவிடலாம். பெரிய தளமொன்றில் எல்லா வசதியும் இருந்ததாம், பக்கம்தான் திறக்கவில்லை. இன்னொன்று படம், விளம்பரம் ஒன்றும் இல்லாத தளம். திறந்ததே பெரிய காரியம் என்று அதையே எடுத்தேன்.

விண்ணப்பத்தில், நான் இல்லாதபோது நிரலைப் பார்த்துக்கொள்ள இரண்டாவது நிர்வாகியின் பெயர் கேட்டிருந்தார்கள். கூட வந்திருந்த எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர், என்னைவிட இளையவர், "என்ரை பேரைப் போடுங்கோவன், அக்கா" என்றார்.

"உமக்கென்ன விசரே? தேவையில்லாமல் ஏன் உம்மடை பேர்?"

ஒரு பட்டியலில் பெயர் ஏறினால், ஆள் காணாமற்போவது வரை, என்னவெல்லாம் நடக்கலாம் என்று தீவில் எல்லாருக்கும் தெரியும். இது அப்படிப்பட்ட பட்டியல் இல்லை என்று எனக்கும் விளங்கியது. இருந்தும் கை எழவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டேன். கடவுச்சொல்லையும் எங்கும் எழுதி வைக்கவில்லை. விளங்காத எழுத்துகள் உள்ள துண்டோடு சோதனைச் சாவடியில் நிற்க யாருக்குத் துணிச்சல்?

பிறகு சண்டை தொடங்கியது. தெற்கே போகும் பாதை பூட்டுப்பட்டது, தொலைபேசி நின்றது, மாவுக்கும் சீனிக்கும் வரிசை. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத் திரும்ப அந்தத் தளத்தைத் திறந்தபோது கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. புதியதை மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புவார்கள். என் மின்னஞ்சலோ நெடுநாள் திறக்காததால் அழிக்கப்பட்டிருந்தது.

நிரலின் பக்கத்தை யாரும் பார்க்கலாம், நானும் பார்த்தேன். நீளமான கோப்புகளின் கடைசி வரியை நிரல் விழுங்கிவிடுகிறது என்று கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் முறைப்பாடுகள். திருத்தம் இரண்டே வரி. என் நிரலில் அந்த இரண்டு வரியைப் போட எனக்கு வழியில்லை. எனக்குப் பதிலாகப் போட இரண்டாவது நிர்வாகியும் இல்லை. முறைப்பாடுகளுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இதை எழுதின அண்ணை யாழ்ப்பாணம். இப்ப உயிரோடை இருக்கிறாரோ தெரியாது." இன்னொருவர் அஞ்சலியே செலுத்தியிருந்தார். கொன்றது போதாதென்று ஆணாகவும் ஆக்கிவிட்டார்களே என்று எரிச்சல் வந்தது.

புதுக் கணக்கொன்று தொடங்கி, நான்தான் அதை எழுதியவள் என்று தளத்துக்கு அறிவித்தேன். மரியாதையான பதில் வந்தது. நீங்கள்தான் அவர் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. ஆனால் கைவிடப்பட்ட நிரலை யாரும் கேட்டுப் பெறலாம். எழுதியவரின் மின்னஞ்சலுக்குக் கடிதம் போடுவோம். நாலு வாரத்துக்குள் அவர் மறுக்காவிட்டால் உங்களுக்குத் தருவோம்.

"அப்ப சரி அக்கா, அவர் மறுமொழி போடாட்டிப் போதும்" என்று விஞ்ஞான ஆசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளுக்கு நாலு தரம் அடையாள அட்டையைக் காட்டி, நான் நான்தான் என்று சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தேன். இங்கேயும் அதே கதை.

இல்லாத முகவரிக்கு அவர்கள் போட்ட கடிதத்துக்கு நான் பதில் போடாமல் இருக்க வேண்டும் என்று நானே நாலு வாரம் காத்திருந்தேன். ஐந்தாம் வாரம் அனுமதி வந்தது. முந்தைய உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாததற்கு வருந்துகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். அன்றே இரண்டு வரியையும் திருத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது, அஞ்சலி செலுத்தியவர் புதுப் பொறுப்பாளருக்கு நன்றி சொல்லியிருந்தார். அண்ணை இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று முடித்திருந்தார். முழுக் கதையையும் எழுதத் தொடங்கினேன். பாதியில் அலுத்துப்போய் அழித்துவிட்டேன். ஓம், சந்தோஷப்பட்டிருப்பார் என்று பதில் போட்டேன்.