ஏரி என்று நான் சொன்ன பள்ளம்

அதை ஏரி என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதலாகிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், மறுபடி பஸ் ஸ்டாப். அந்த ஊரில் நான் நடந்தது அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறை, அதனால் ஏழாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் நானே. அதில் ஒருத்தி கணக்கில் புலி. ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். போன வருடம் அம்மா செத்துப்போனதிலிருந்து இப்படித்தான் என்றார்கள். உடம்புக்கு முடியாமல் போயிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பிள்ளையை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று மட்டும் எனக்கு ஒரு வீம்பு.

வகுப்புக்குப் பெரிய தொடுதிரை வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செயற்கைக்கோள் வரைபடத்திலேயே பிள்ளைகளை ஊர்சுற்றக் கூட்டிப்போனேன். கீழப்பழுவூர் கோயிலில் வரலாறு, செட்டிகுளம் மலையில் அறிவியல், ஏலாக்குறிச்சி மாதா கோயில்வரை தூரம் அளந்து கணக்கு. ஒரே பீரியடில் மூன்று பாடம்!

"இப்ப நம்ம ஊரு" என்று பெரிதாக்கினேன். வீடுகளுக்குப் பின்னால் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் தகதகவென்று கிடந்தது.

"அடேயப்பா! இவ்ளோ அழகான ஏரிய வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒருத்தர்கூட சொல்லலியே!"

பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்ன, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவளைத்தான் கூப்பிட்டேன். கரையோரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் பரப்பளவு வந்துவிடும். வந்தாள். ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். கிழக்கு மூலையில் மட்டும் விரல் நின்றுவிட்டது.

"ம், போ போ, நேரமாவுது" என்றேன்.

முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தமிழுக்கும் ஆகட்டும் என்று, 'எங்கள் ஊர் ஏரி' பத்து வரி எழுதிவரச் சொன்னேன்.

நோட்டு திருத்துவதெல்லாம் எனக்குப் பஸ்ஸில்தான். ஒரு மணி நேரப் பயணம், மடியில் நோட்டுக்கட்டு, பஸ் குலுங்குகிற குலுக்கலில் சிவப்பு மை கோணல்மாணலாக ஓடும். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் பிழை தேடுவது வெட்டிவேலை என்று, முதல் வரியைக்கூடப் பார்க்காமல் ஒரு டிக் அடித்தேன். கீழே 'மிக அருமை'. மூன்று நட்சத்திரம் வேறு.

மறுநாள் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு, "யாரு வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். நான் பேர் சொல்லிக் கூப்பிடாமலேயே! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வாடி என் தங்கம், சத்தமா வாசி."

வாசித்தாள்.

"இது ஏரி இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு அப்படியே விட்டுப்போன மைன்ஸ் பள்ளம். மழைத்தண்ணீர் நிற்கிறது. ஏரி என்றால் இறங்குவதற்குக் கரை சரிவாக இருக்கும். இதற்கு இல்லை. குழாயில் தண்ணீர் வராத அன்று எங்கள் அம்மா இங்கே துணி துவைக்கப் போனது. கிழக்கு மூலையில் வழுக்கிவிட்டது. அம்மாவுக்கு நீச்சல் தெரியும். பிடித்து ஏறத்தான் இடம் இல்லை. படத்தில் ஆழம் தெரியாது."

கிழக்கு மூலையில் நின்ற அந்த விரல்! அதைத்தான் போ போ என்று விரட்டினேன், பாவி. ஓடிப்போய் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோட்டைத் திருப்பி, நான் போட்ட சிவப்பு எழுத்தைக் காட்டினாள்.

"நீங்கதான் படிச்சிட்டீங்களே டீச்சர். நல்லாருக்குன்னு போட்டிருக்கீங்க. அதான் எந்திரிச்சேன்."

வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா, படிச்சேன்" என்றேன்.

அதிலிருந்து அவள் பேசுகிறாள். பஸ் ஸ்டாப்வரை கூடவே வருகிறாள், அவள் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே. டீச்சர் ஒருத்தர்தான் படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாளாம். நான் இன்னும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.