தானியச் சாராயத்தின் மணம்

ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் என் மகள் கட்டப்போகும் சீனப் பையனின் வீட்டில் விருந்து. அவனுடைய அப்பா தங்கள் நாட்டுத் தானியச் சாராயத்தைத் திறந்து எனக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார். புளித்த அன்னாசியைப் போன்ற அந்த மணம் எழுந்ததும் என் உள்ளங்கை வியர்த்தது.

யாழ்ப்பாணத்தில் என்னைப் பெற்ற ஐயாவுக்கு முன்னால் இப்படியொரு மணம்தான் வாசல் படலைக்குள் நுழையும். சுவரைப் பார்த்திருந்து, தனக்குத் தானே ஊற்றிக் குடிப்பார். "பிள்ளையள், வாய்ப்பாட்டைச் சத்தமாச் சொல்லுங்கோ" என்பார் அம்மா. தன்மேல் விழும் அடி அயலுக்குக் கேட்கக்கூடாதென்றுதான் அப்படிச் சொன்னார் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

"அம்மா, மாமான்ர கிண்ணம் முடிஞ்சுது," என்றாள் மகள், பையனின் அப்பாவைக் கண்ணால் காட்டி, மெதுவாக. "தனக்குத் தானே ஊத்துறது இவையிட்ட மரியாதை இல்லை. உங்களுக்கு அவர் ஊத்தினவர், இனி நீங்கள்தான் ஊத்தோணும்."

"என்னால ஏலாது பிள்ளை."

"அப்ப மனுசன் காய வேண்டியதுதான்."

நான் வேண்டுமென்றே ஊற்றவில்லை. போத்தல் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேசையில் இருந்த மீன் முடியும்வரை அவர் அதைத் தொடவில்லை. முள்ளில்லாத துண்டுகளை என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான்தான் போத்தலை எடுத்தேன். அவருடைய கிண்ணத்தின் பக்கம் சாய்த்தேன். அவர் எழுந்து நின்று, கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.