தொள்ளாயிரத்துப் பதினாலில் தங்கலாமா?

புதுப்பித்த சில்வர் ஹெரன் ஹோட்டலில் தங்கலாமா என்று என்னைக் கேட்காத ஆள் புல்ஹெட் சிட்டியில் இல்லை. மளிகைக்கடையில் பில் போடுகிறவள் கேட்கிறாள். பல் டாக்டர் என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேட்கிறார். நான் என்ன அந்தக் கேசினோவின் முதலாளியா? இருபத்திரண்டு வருஷமாக அங்கே படுக்கை விரிக்கிறவள், அவ்வளவுதான்.

சரி, கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். தங்கலாம். மெத்தை அருமை. எவ்வளவு அருமை என்பது அதன் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகுகிறவளின் இடுப்புக்குத்தான் தெரியும். குளியல் தொட்டியைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்பு பாதிதான். மீதிப் பாதி வழியாகத் தண்ணீர் கட்டில் வரைக்கும் வந்து நலம் விசாரிக்கும். விளக்குக்கு எட்டுப் பொத்தான். எதை அமுக்கினாலும் வேறொன்று எரியும். கீழே சூதாட்டத் தளத்தில் கம்பளம் புதிது, சிகரெட் நாற்றம் பழசு. அந்த மெஷின் காப்பியை மட்டும் குடித்துத் தொலைக்காதீர்கள். ஜன்னலில் ஆறு தெரியும். நல்லவேளை, அதை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது எனக்கு நொரீன் ஞாபகம் வந்துவிடும். கேட்டவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. இங்கே சொல்கிறேன்.

நொரீன் டக்கெட் என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஐடஹோ பக்கத்துக்காரி. நெட்டை உடம்பு, ஆம்பளைக் கைகள். அவள் புருஷன் வென்டெல் ஆற்றில் படகு ஓட்டினார், ஒரு கேசினோவின் படித்துறையிலிருந்து அடுத்த கேசினோவின் படித்துறைக்கு. அவள் ஏழாவது மாடியில் விரிப்பை உதறினால் அவர் கீழே இருந்து ஹாரன் அடிப்பார். ஜன்னல் மூடிக்கிடக்கும், உதறுவது அவருக்கு எங்கே தெரியப் போகிறது? சும்மா குத்துமதிப்பாக அடிப்பார். "கிறுக்கு மனுஷன், பயணிங்க பயந்துடப் போறாங்க" என்று திட்டிக்கொண்டே இவள் சிரிப்பாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

எங்கள் வேலையில் சட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒன்றைத் தவிர. ஆரம்பித்த ரூமை முடிக்காமல் வெளியே வரக்கூடாது. பாதியில் விட்ட ரூமுக்கு யாராவது சாவி கொடுத்துவிட்டால் போச்சு, விருந்தாளி வந்து நிற்பான். எங்கள் மேற்பார்வைக்காரி பெர்னீஸ் முதல் நாளே இதைக் காதில் ஏற்றிவிடுவாள். படுக்கை, குளியலறை, குப்பை, தூசி, கடைசியாகக் கழிவறைத் தாளின் நுனியை முக்கோணமாக மடிப்பது. அந்த முக்கோணம்தான் எங்கள் கையெழுத்து. அது மடிந்தால் ரூம் முடிந்தது. நொரீன் இருபது வருஷத்தில் ஒரு ரூமையும் முடிக்காமல் விட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜூலை. அவர்களுடைய டிரெய்லர் வீட்டில் ஏ.சி. கெட்டுவிட்டது. எங்கள் ஊர் ஜூலையில் ஏ.சி. இல்லாத வீட்டில் ரொட்டி மாவை வைத்தால் ரொட்டியாகவே எடுக்கலாம். வென்டெலுக்கு அன்று லீவு. எங்கள் கேசினோவின் ஸ்லாட் சூதாட்ட மெஷினில் வாரம் ஒருநாள் சில்லறை போட்டுச் சேர்த்த புள்ளிகளுக்கு ஓர் இலவச ரூம் பாக்கி இருந்தது. காலையில் வந்து அதை வாங்கிக்கொண்டார். தொள்ளாயிரத்துப் பதினாலு. "உன் வேலை முடியுற வரைக்கும் நான் ராஜா மாதிரி படுத்திருக்கேன், முடிஞ்சதும் வந்து எழுப்பு" என்றாராம்.

மத்தியானம் நானும் நொரீனும் ஏழாவது மாடியில் ஒரு ரூமில் இருந்தோம். அவள் குளியலறையில், நான் கட்டிலில். வாக்கி டாக்கியில் பெர்னீஸ் கூப்பிட்டாள். "நொரீன், தொள்ளாயிரத்துப் பதினாலுக்கு வா." வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. விருந்தாளிகள் காதில் விழுமே என்று என்ன நடந்தாலும் ரூம் நம்பரை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

நொரீன் தலையை வெளியே நீட்டினாள். "ராஜாவுக்கு இன்னொரு தலையணை வேணுமாம் போல" என்றாள்.

"முடிச்சிட்டே போயேன்டி, அவர் என்ன ஓடியா போயிடப் போறார்?" என்றேன் நான்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அவள் முடித்தாள். முக்கோணம் மடித்தாள். எட்டு நிமிஷம் ஆனது. அவள் மேலே போய்ச் சேரும்போது, நெஞ்சுவலி வந்த வென்டெலைச் சாமான் லிஃப்டில் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஓரின் என்றொரு காவலாளி, வாயைக் கட்டத் தெரியாத மனுஷன், அன்று சாயங்காலமே அவளிடம் வந்து, "நல்லாத்தான் பேசிட்டிருந்தார், நொரீன் வந்தாச்சா, நொரீன் வந்தாச்சான்னு ரெண்டு தரம் கேட்டார்" என்றான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். அப்போது எனக்குக் கை எழவில்லை.

நொரீன் அழவில்லை. நாலாம் நாள் வேலைக்கு வந்தாள். ஒன்பதாவது மாடியைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள். பெர்னீஸ் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம், ஒவ்வொரு நாளும், தொள்ளாயிரத்துப் பதினாலை அவள்தான் முடித்தாள். சாப்பிடக் கொடுத்தால் சாப்பிடுவாள், என்ன சாப்பிட்டாய் என்றால் தெரியாது. ஒரு தடவை இஸ்திரிப்பெட்டி மணிக்கட்டில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. நான்தான் பார்த்துக் கத்தினேன். அவள், "ஆமால்ல" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். ஒரு வார்த்தை திட்டேன், நீதான்டி சொன்னாய் என்று கேளேன் என்று மனசுக்குள் கத்துவேன். அவள் திட்டியதே இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் கூடச் செய்து கொடுத்தாள். அதில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் முழுசாகத் தின்றேன்.

அப்புறம் ஹோட்டல் கை மாறியது. பதினோரு மாசம் மூடி வைத்து இடித்துப் பூசினார்கள். திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எங்களை மறுபடி கூப்பிட்டார்கள். பிரெண்டன் என்று லாஸ் வேகஸிலிருந்து ஒரு மேனேஜர், கூர்மூக்கு ஷூ போட்டவன். எங்கள் முப்பத்திரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னான்: "இன்னைக்கு ராத்திரி நீங்கதான் விருந்தாளிங்க. ஆளுக்கு ஒரு ரூம். எது வேலை செய்யுது, எது ஒழுகுதுன்னு இந்த ஃபார்ம்ல எழுதுங்க. முக்கியமா, காலையில அப்படியே விட்டுட்டு வாங்க. நல்லாக் கலைச்சுப் போடுங்க. பதினோரு மணிக்குப் புது ஆளுங்க வர்றாங்க, அதை வெச்சுத்தான் அவங்களுக்குப் பயிற்சி."

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபது வருஷமாக அந்தக் கட்டில்களில் உட்கார்ந்தால்கூட வேலை போகும் என்று இருந்தவர்கள் நாங்கள்.

"குடிச்சிட்டுக் கதவுல முட்டிக்கணுமா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"டவலை எல்லாம் திருடிக்கிட்டுப் போகலாமா?" என்றாள் இன்னொருத்தி.

நொரீன் மட்டும் கை தூக்கி, "எனக்குத் தொள்ளாயிரத்துப் பதினாலு வேணும்" என்றாள்.

"எல்லாமே ஒரே மாதிரிதான் மேடம், எதை வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றான் பிரெண்டன். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

எனக்கு எதிர் ரூம். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கதவைத் தட்டிப் பார்த்தேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றவில்லை, பையைத் திறக்கவில்லை.

"என்னடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க?"

"கட்டிலை இந்தப் பக்கம் திருப்பிட்டாங்க" என்றாள். "முன்னாடி தலைமாடு அங்க இருந்துச்சு."

"ஆமா. கலர்கூட மாத்திட்டாங்க. சாம்பல் கலர். யாருக்குய்யா பிடிக்குது இந்தச் சாம்பல்?"

கீழே ஒரு படகு போனது. ஹாரன் அடிக்கவில்லை.

"எல்வி, ஒண்ணு கேக்குறேன். விருந்தாளிங்க காலையில என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க? எழுந்திருச்சுப் போயிடுவாங்க."

"அப்படியேவா?"

"அப்படியேதான். இத்தனை வருஷமா பார்க்கலையா? ஈர டவல் ஒரு பக்கம், பீட்சா டப்பா ஒரு பக்கம்."

"அது தெரியும். எப்படி முடியுதுன்னு கேக்குறேன். அப்படியே போட்டுட்டு எப்படிப் போக முடியுது?"

எனக்கு ஏதாவது உளறிவிடுவேனோ என்று பயம். "பசிக்குதுடி, கீழ போய்ச் சாப்பிடலாம் வா" என்றேன். அவள் வரவில்லை. இங்கே தூங்கப்போகிறேன் என்றாள். அவர் படுத்த இடத்தில் ஒரு தடவையாவது படுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் வாயிலிருந்து அவரைப் பற்றி வந்த பேச்சு அந்த ஆறு வருஷத்தில் அது ஒன்றுதான். சொன்ன விதமோ, உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி.

காலையில் எழுந்தேன், குளித்தேன், முடியைக் கட்டினேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால் கட்டில் சுருக்கமில்லாமல் விரித்துக் கிடக்கிறது. நான்தான் விரித்திருக்கிறேன். எப்போது விரித்தேன் என்று ஆண்டவன் சத்தியமாக எனக்குத் தெரியாது. கழிவறைக்குள் எட்டிப் பார்த்தேன். முக்கோணம்.

வராந்தாவுக்கு வந்தால் ஒவ்வொருத்தியும் திருட்டு முழியோடு நிற்கிறாள். "நீயுமா?" "நீயுமாடி?" ஒருத்தி பொறுக்க முடியாமல் ஜன்னல் கண்ணாடியைக்கூடத் துடைத்துவிட்டாளாம். பிரெண்டன் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தான். முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, ஒரு ரூமாவது கலைஞ்சிருக்கா? உங்கள்ல ஒருத்தராவது ராத்திரி தூங்குனீங்களா இல்லையா? புது ஆளுங்க எதைச் சுத்தம் பண்ணுவாங்க?"

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்போதுதான் அவன் தொள்ளாயிரத்துப் பதினாலைத் திறந்தான்.

போர்வை பாதி தரையில் கிடந்தது. தலையணையில் தலை பதிந்த பள்ளம். ஒரு தலையணை ஜன்னலோரம். குளியலறைத் தரையில் ஈர டவல், விளக்கு எரிந்தபடி, தண்ணீர் பாதி குடித்த டம்ளர். கழிவறைத் தாள் கிழிந்தபடி தொங்கியது. ஆள் இல்லை.

"அப்பாடா, ஒருத்தராவது" என்றான் பிரெண்டன். அங்கே நின்ற பழைய ஆட்கள் எல்லாருக்கும் எட்டு நிமிஷக் கதை தெரியும். இவள் தன்னை ஏதாவது செய்துகொண்டாளோ என்றுதான் எல்லார் மனசிலும் ஓடியது. நான் மேஜையில் இருந்த ஃபார்மைப் பார்த்தேன். ஒழுங்காக எழுதியிருந்தாள். தண்ணீர் வெளியே வருகிறது, ஆறாவது பொத்தான் வேலை செய்யவில்லை, மெத்தை பரவாயில்லை. கடைசிக் கேள்வி, இங்கே மறுபடி தங்குவீர்களா? "தங்கியாச்சு" என்று எழுதியிருந்தாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒன்பது மாடி. சூதாட்டத் தளத்தில் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் இல்லை. கடைசியில் படித்துறையில் இருந்தாள். ஈரத்தலையோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு, படகுக்குக் காத்திருந்தாள்.

"உயிர் போயிடுச்சுடி எனக்கு! சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கத்தினேன். மூச்சு வாங்கியது.

"கலைச்சுப் போட்டுட்டு வரச் சொன்னாங்களே" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முழிச்சதும் போர்வையில கை வெச்சேன்" என்றாள் பிறகு. "பழக்கம். வெச்சுட்டு எடுத்துட்டேன். ஷூவை மாட்டுனேன். கதவுலருந்து லிஃப்ட் வரைக்கும் அடி அடியா எண்ணிக்கிட்டே நடந்தேன். நாப்பதுகூட வரல."

"ம்."

"எவ்வளவு சுலபமா இருக்கு, எல்வி. அன்னைக்கும் இவ்வளவு சுலபமா வந்திருக்கலாம்."

அவள் கண்ணில் ஒன்றும் இல்லை, வறண்டு கிடந்தது. நான் ஆறு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "நான்தான்டி முடிச்சிட்டுப் போகச் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "நீ சொன்னே. நான் முடிச்சேன்."

படகு வந்தது. புதுப் படகோட்டி கை நீட்டி, "ஏறுங்க மேடம்" என்றான். அவள் எழுந்து சாவி அட்டையை என் கையில் வைத்தாள். திங்கட்கிழமை வருவாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஒரு காலைப் படகில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எல்வி, நீ போய் அதை முடிச்சு வெச்சுடாதே."

நான் மேலே போனேன். தொள்ளாயிரத்துப் பதினாலின் கதவு திறந்தே கிடந்தது. மணி பத்தரை. போர்வை அப்படியே தரையில் கிடந்தது, தாள் தொங்கியது. வாசலில் நின்றுகொண்டு, புது ஆட்கள் வரும்வரை இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருந்தேன்.